சில்லறை விற்பனைத் துறையில் அஜைல் முறை எடுபடுமா? எங்கிருந்து தொடங்குவது?

எடுபடும். பெரிய திட்டத்தை மொத்தமாகப் போடாமல், ஒரு சிறு குழு சிறு சிறு படியாகச் செய்து பார்த்து உடனுக்குடன் திருத்திக்கொள்ளும் இந்த வேலைமுறை கடைக்கும் பொருந்தும். ஆனால் மென்பொருள் நிறுவனங்களில் பார்த்ததை அப்படியே தூக்கிவந்து கடைக்குள் வைத்தால் எடுபடாது. பல கிளைகள் உள்ள ஒரு கடை நிறுவனத்தில் கொள்முதல் பிரிவில் இருந்துகொண்டு இந்த மாற்றத்தைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கை மென்பொருள் செய்பவர்களுக்கானது. அதனாலேயே கடைத் தரப்பில் பலர் "இது ஐடிக்காரர்கள் சமாசாரம்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்கத் தேவையே இல்லை. அஜைல் குழுக்கள் சுவரில் மாட்டிவைக்கும் கான்பான் பலகைக்கு (எந்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் பலகை) வேர் கடைதான். வாடிக்கையாளர் எடுத்துப்போன அளவுக்கு மட்டும் அலமாரியை நிரப்பும் அமெரிக்க சூப்பர் மார்க்கெட் வழக்கத்திலிருந்துதான் டொயோட்டாவின் தைச்சி ஓனோ தன் தொழிற்சாலைக்கான யோசனையைப் பிடித்தார்.

அப்புறம் சிக்கல் எங்கே? விற்பனை விவரம் ஒவ்வொரு பில்லிலும் வந்து விழுகிறது. அதை வைத்து முடிவெடுக்கத்தான் வாரக்கணக்கில் ஆகிறது. ஒரு பொருளின் விலையை மாற்ற வேண்டுமா? கொள்முதல், கணக்கு, விளம்பரம், பில்லிங் மென்பொருள், கடை நிர்வாகம் என்று கோப்பு ஊர்வலம் போகும். ஆகவே முதல் வேலை, சோப்பு ஷாம்பு மாதிரி ஏதாவது ஒரே ஒரு பொருள் பிரிவை எடுத்துக்கொண்டு, இந்த எல்லாத் துறையிலிருந்தும் ஆளுக்கு ஒருவரை ஒரே குழுவில் உட்காரவைப்பது. குறிப்பிட்ட வரம்புக்குள் விலையையும் அடுக்கையும் யாரையும் கேட்காமல் மாற்றும் உரிமையை அவர்களுக்குக் கொடுங்கள். அந்த உரிமை இல்லாவிட்டால், அஜைல் குழுக்கள் தினமும் காலையில் நின்றுகொண்டு பேசும் கூட்டத்தால் ஒரு பயனும் இல்லை.

சோதனையைச் சில கடைகளில் மட்டும் செய்யுங்கள். அதே அளவு வியாபாரம் உள்ள வேறு சில கடைகளைத் தொடாமல் விட்டுவைத்து ஒப்பிடுங்கள். எந்த எண் வந்தால் நிறுத்துவது என்பதை ஆரம்பிக்கும் முன்பே எழுதிவைப்பது நல்லது. ஆஃபர் போட்ட வாரத்தில் விற்பனை ஏறியதும் வெற்றி என்று சொல்லிவிடாதீர்கள். மக்கள் அடுத்த மாதத்துக்கும் சேர்த்து வாங்கி வைத்திருப்பார்கள். ஆஃபர் முடிந்த பிறகு வரும் வாரங்களையும் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது கடைத்தளத்தில் நிற்பவர்களைப் பற்றி. ஒரு பொருள் விற்கவில்லை என்று கணினி காட்டும். யாரும் கேட்கவில்லையா, கேட்டபோது அலமாரி காலியாக இருந்ததா என்பதை அது சொல்லாது. கல்லாவில் இருப்பவருக்கும் அலமாரி அடுக்குபவருக்கும் அது தெரியும். பெரும்பாலான நிறுவனங்கள் குழுவைத் தலைமை அலுவலகத்திலேயே அமைத்து இவர்களை வெளியே விட்டுவிடுகின்றன. ஷிஃப்டில் வேலை செய்பவர்களை ஒரே நேரத்தில் கூட்ட முடியாது என்பது உண்மைதான். ஸ்டாக் அறையில் ஒரு பலகை வைத்து, ஷிஃப்ட் மாறும்போது "இன்று எதைக் கேட்டு இல்லை என்று போனார்கள்" என எழுதச் சொன்னால் போதும். எழுதியதற்கு அந்த வாரமே ஏதாவது நடக்க வேண்டும், இல்லையென்றால் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள்.

ஸ்பெயின் நாட்டு ஆடைக் கடை நிறுவனமான ஸாராவின் வேகத்துக்கு ஒரு பெரிய காரணமும் இதுதான். கடை மேலாளர்கள் வாரம் இரண்டு முறை ஆர்டர் அனுப்புகிறார்கள், சரக்கும் சிறிது சிறிதாக அதே வேகத்தில் வருகிறது.

எல்லாவற்றையும் இப்படி ஓட்ட முடியாது. பல மாதம் முன்பே ஆர்டர் செய்ய வேண்டிய இறக்குமதிச் சரக்குக்கு ஸ்ப்ரின்ட் எனப்படும் இரண்டு வார வேலைச் சுற்று பொருந்தாது. அங்கே செய்யக்கூடியது, கொள்முதல் பணத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே ஒதுக்காமல் கையில் வைத்திருப்பது. பண்டிகைக் காலக் கூட்டத்தின்போது பில்லிங் மென்பொருளில் கை வைக்கவே கூடாது.

மேலிடத்தில் பேசப் போகிறீர்கள் என்றால் பயிற்சி வகுப்பையோ மென்பொருளையோ முதலில் கேட்காதீர்கள். எந்தப் பிரிவு, எந்தெந்தக் கடைகள், எவ்வளவு வரை குழுவே முடிவெடுக்கலாம் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.