மனைவிக்குப் பாஸ் கிடைத்தாயிற்று. வேலை அனுமதி எங்கே?

வாசகர் கேள்வி – பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து ஒரே விஷயத்தைக் கேட்டுச் சில கடிதங்கள் வந்துள்ளன. பெயர், ஊர் விவரங்களை நீக்கிவிட்டுப் பதில் தருகிறோம்.

கேள்வி: என் மனைவி திருச்சிக்காரர். எம்.ஏ., பி.எட். முடித்தவர். ஓராண்டுக்குத் துணைவியர் பாஸ் கிடைத்துவிட்டது. இங்கே ஒரு பாலர் பள்ளியில் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லிக் கடிதமும் தந்தார்கள். ஈப்போவில் வேலை அனுமதிக்கு மனுக் கொடுத்து நான்கு மாதம் ஆகிறது. போகும்போதெல்லாம் "பெலும்" (இன்னும் இல்லை) என்ற ஒரு சொல்தான். பள்ளி நடத்தும் அம்மாவோ, "பாஸ்தான் இருக்கிறதே, வந்து ஆரம்பிக்கட்டும், பேப்பர் வரும்போது வரட்டும்" என்கிறார். அனுப்பலாமா? (செம்பனை ஆலை ஊழியர்)

பதில்: அனுப்ப வேண்டாம். ஒரு நாள்கூட வேண்டாம்.

உங்கள் மனைவியிடம் இருப்பது நீண்ட காலச் சமூக வருகைப் பாஸ். அது மலேசியரின் துணையாக இங்கே தங்குவதற்கு. வேலை செய்வதற்கு வேறொரு அனுமதியைக் குடிநுழைவுத் துறை தனியாகத் தந்து, அதைக் கடப்பிதழில் (பாஸ்போர்ட்டில்) பதிய வேண்டும். பதிவு ஏறும்வரை அவர் சம்பளத்துக்கு வேலை செய்தால் பாஸின் நிபந்தனையை மீறியவர் ஆகிறார். குடிநுழைவு விதிமுறைகள் 1963, விதி 39(பி)-யின்படி 1,000 ரிங்கிட் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அடுத்த முறை பாஸைப் புதுப்பிக்கப் போகும்போது அந்தப் பதிவு முன்னால் வந்து நிற்கும். பள்ளி நடத்தும் அம்மாவுக்கோ இன்னும் பெரிய ஆபத்து. செல்லத்தக்க பாஸ் இல்லாத வெளிநாட்டவரை வேலைக்கு வைத்தால், குடிநுழைவுச் சட்டம் பிரிவு 55பி-யின்கீழ் ஆள் ஒருவருக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், 12 மாதம் வரை சிறை. இதை அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பெரும்பாலும் தெரியாமல்தான் சொல்கிறார்கள்.

இனி அந்த நான்கு மாதம். கவுன்டரில் "பெலும்" என்றால் மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: கோப்பில் ஏதோ தாள் குறைகிறது, கோப்பு மேலிடத்துக்குப் போயிருக்கிறது, அல்லது முடிவு வந்தும் உங்களுக்குத் தகவல் வரவில்லை. "சுடா சியாப்?" (தயாராகிவிட்டதா?) என்று கேட்டால் "பெலும்"தான் வரும். கேள்வியை மாற்றுங்கள். மனு ரசீதை நீட்டி, "டோக்குமென் மானா யாங் தாக் லெங்காப்?" என்று கேளுங்கள். எந்தத் தாள் குறை என்று கேட்கும்போது அதிகாரி கோப்பைத் திறந்து பார்த்துத்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

கோப்பில் வழக்கமாகச் சிக்குவது பெயர். இந்தியக் கடப்பிதழில் பெயருக்கு இரண்டு கட்டம் உண்டு: சொந்தப் பெயர், குடும்பப் பெயர். தமிழ்நாட்டுப் பெண்ணுக்குக் குடும்பப் பெயர் ஏது? இனிஷியல்தான். எஸ். கலைச்செல்வி என்பவர் கடப்பிதழில் அப்பா பெயரைச் சேர்த்துக் கலைச்செல்வி சுப்பிரமணியன் ஆகிவிடுகிறார். பட்டச் சான்றிதழில் எஸ். கலைச்செல்வி. திருமணச் சான்றிதழில் வேறு எழுத்துக்கூட்டல். மாப்பிள்ளை பக்கமும் இப்படித்தான். அடையாள அட்டையில் "எ/எல்" (இன்னாரின் மகன் என்பதன் சுருக்கம்) போட்டு, முனியாண்டி 'ஒய்'யில் முடிந்திருப்பார். தமிழ்நாட்டில் பதிந்த திருமணச் சான்றிதழில் "எ/எல்" காணாமல் போய், 'ஐ'யில் முடிந்திருப்பார். பெயரை உச்சரித்துப் பார்க்கும் நமக்கு ஒரே ஆள். எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் அதிகாரிக்கு இரண்டு பேர். அவர் மேல் தப்பில்லை.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. மனைவியின் பெயர் வேறுபாட்டுக்குக் கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற சான்று கேளுங்கள். உங்கள் பெயர் வேறுபாட்டுக்குச் சத்தியப் பிரமாண ஆணையர் முன் 1960 ஆம் ஆண்டுச் சட்டப்படி சத்தியப் பிரகடனம் செய்து இணையுங்கள். அதில் எந்தெந்த ஆவணத்தில் எப்படி எழுதப்பட்டுள்ளது என்று ஆவண எண்ணோடு எழுத வேண்டும். "என் பெயர் பலவாறாக எழுதப்படுகிறது" என்று மட்டும் எழுதிய பிரகடனம் எதற்கும் உதவாது.

திருமணம் தமிழ்நாட்டில் நடந்திருந்தால் இன்னொன்றும் பாருங்கள். முஸ்லிம் அல்லாதோருக்கான 1976 ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின்படி, வெளிநாட்டில் நடந்த திருமணத்தை ஆறு மாதத்துக்குள் மலேசியத் தூதரகத்திலோ, அதற்குள் ஊர் திரும்பிவிட்டால் இங்கே தேசியப் பதிவிலாகாவிலோ பதிய வேண்டும். காலம் கடந்திருந்தால் தாமதத்துக்குக் காரணம் எழுதித் தர வேண்டிவரும். பதியும் நாளிலேயே எழுத்துக்கூட்டலை அடையாள அட்டையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துவிட்டால் பின்னால் வரும் அலைச்சலில் பாதி குறையும்.

அடுத்து வேலைக் கடிதம். நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், சாப் (முத்திரை) குத்தி, வேலை, வேலையிடம், நேரம், சம்பளம் எல்லாம் இருக்க வேண்டும். சம்பளத்தைப் பாருங்கள். குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 ரிங்கிட். பாலர் பள்ளிகளில் பழைய வழக்கத்தில் முழுநேர வேலைக்கு 1,200 என்று எழுதித் தருகிறார்கள். சட்டத்துக்குக் குறைவான சம்பளத்தைக் காட்டும் கடிதத்துக்கு எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்? பாதி நாள் வேலையென்றால் அதையே எழுதட்டும், மணிக்கு 8.72 ரிங்கிட்டுக்குக் குறையக்கூடாது. உங்கள் கடிதம் நான்கு மாதப் பழசு, அதில் போட்ட சேரும் தேதியும் கடந்திருக்கும். "குடிநுழைவுத் துறையின் அனுமதி கிடைக்கும் நாளிலிருந்து" என்று புதிதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. கல்வி நிலையத்தில் கற்பிக்க 1996 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி ஆசிரியர் பதிவோ கற்பிக்கும் பெர்மிட்டோ தேவை. அது கல்வி இலாகாவின் வேலை, குடிநுழைவுத் துறைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பள்ளி அதற்கு மனுச் செய்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இது வரட்டும் என்று அது, அது வரட்டும் என்று இது, இப்படியே ஆண்டு ஓடிவிடும். பள்ளி அலுவலகத்தில் கிராணி (எழுத்தர்) வேலை இருந்தால் அந்தப் பதவிக்கே கடிதம் வாங்கி மனுவை மாற்றிக் கொடுப்பது சுருக்கு வழி. ஆனால் கிராணி என்று அனுமதி வாங்கிவிட்டு வகுப்பில் நிற்கக்கூடாது.

ஈப்போவுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஷிப்ட் வேலையில் இருக்கும் நீங்கள் லீவு போட முடியாமல் மனைவியைத் தனியே அனுப்பியிருந்தால் அந்த நாள் வீண். உத்தரவாதம் கொடுத்தவர் நீங்கள்; அசல் அடையாள அட்டையோடு நீங்களும் நிற்க வேண்டும். ஒரே லீவில் முடிய வேண்டுமானால் திருமணச் சான்றிதழ், இருவர் கடப்பிதழ், அடையாள அட்டை, புதிய வேலைக் கடிதம், நிறுவனப் பதிவுச் சான்று, உங்கள் சம்மதக் கடிதம், மனு ரசீது ஆகிய எல்லாவற்றிலும் அசலும் இரண்டு நகலும் கையில் இருக்கட்டும். அதற்குப் பிறகும் அசையவில்லையென்றால் மாநில இயக்குநருக்கு மனு எண், தேதி போட்டு ஒரு பக்கக் கடிதம். பிறகு அரசாங்கத்தின் சிஸ்பா புகார் முறையில் இணையம்வழிப் பதிவு. ஏஜென்ட் யாராவது "உள்ளே ஆள் இருக்கிறது" என்றால் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மனைவியின் இந்தியக் கடப்பிதழைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறோம். பாஸ் முடிய 19 நாள்தான் இருக்கிறது. வேலை அனுமதியும் அதே பாஸில்தான். என்ன ஆகும்?

பதில்: கடப்பிதழ் முடியும் நாளைத் தாண்டிப் பாஸ் நீளாது, பாஸைத் தாண்டி வேலை அனுமதி நீளாது. அதனால் பாஸ் முடிகிற நாளோடு வேலையும் நிற்க வேண்டும். முதலாளியிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

பாஸ் முடிவதற்கு முன்பே, கடப்பிதழ் புதுப்பிக்கக் கொடுத்த ரசீதோடு குடிநுழைவு அலுவலகம் போய் "பாஸ் காஸ்" (சிறப்புப் பாஸ்) கேளுங்கள். 100 ரிங்கிட், 30 நாள் செல்லும். இது தங்குவதற்கு மட்டும். இதை வைத்து வேலைக்குப் போக முடியாது. ஒரு நாள் பிந்திப் போனால்கூடக் கூடுதல் நாள் தங்கிய குற்றம் ஆகிவிடும். அதற்குச் சட்டத்தில் அபராதம் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாது. புதுக் கடப்பிதழ் வந்ததும் பழையதையும் சேர்த்து எடுத்துப் போங்கள், பாஸை மாற்ற இரண்டும் வேண்டும். இந்தியக் கடப்பிதழை முடிவதற்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்கலாம் என்பதை அடுத்த முறை மறக்க வேண்டாம்.

கேள்வி: வேலை அனுமதி வரும்வரை மனைவி வீட்டிலிருந்தே சேலை ரவிக்கை தைத்துக் கொடுக்கலாமா? தீபாவளி நேரத்தில் நல்ல கிராக்கி. (தோட்டக் குடியிருப்பு வாசகர்)

பதில்: தன் ரவிக்கையைத் தைக்கலாம், அண்டை வீட்டாருக்குச் சும்மா தைத்துத் தரலாம். காசு வாங்கினால் அது வேலை. வீட்டுக்குள் நடப்பதால் அனுமதி தேவையில்லை என்று ஆகாது. பேஸ்புக்கில் விலை போட்டு விளம்பரம் செய்தால் நீங்களே சாட்சி தயார்செய்து தருகிறீர்கள்.

மனைவி பெயரில் வியாபாரம் பதியலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியாது. தனியார் வியாபாரப் பதிவு மலேசியக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. உங்கள் பெயரில் பதியலாம்; சொந்தப் பெயரிலென்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், கடைப்பெயர் வைத்தால் 60. ஆனால் தையல் மெஷினில் உட்காருவது மனைவி என்றால் அவருக்கு வேலை அனுமதி வேண்டும்தான். உங்கள் வியாபாரமே அவருக்கு வேலைக் கடிதம் கொடுத்து மனுச் செய்யலாம். சம்பளக் கணக்கையும் வியாபார வருமானத்தையும் உண்மையாகக் காட்ட முடிந்தால் மட்டும் அதில் இறங்குங்கள்.

கேள்வி: என் மகள் விரும்பும் பையன் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்து இங்கே உணவகத்தில் வேலை செய்கிறார். கல்யாணம் செய்துவிட்டால் துணைவர் பாஸுக்கு மாறி வேறு வேலைக்குப் போகலாம் என்று சொல்கிறார்கள். உண்மையா? (ஒரு தாய்)

பதில்: அம்மா, அவசரப்பட வேண்டாம். அவரிடம் இருப்பது தற்காலிக வேலைப் பாஸ். அது நடப்பில் இருக்கும்போது இங்கே திருமணம் செய்யக்கூடாது என்பது அந்தப் பாஸின் நிபந்தனை. கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பிறகு பதியலாம் என்று போனால், பதிவும் நடக்காது, பாஸும் ரத்தாகலாம். ஒழுங்கான வழி நீளமானதுதான்: ஒப்பந்தத்தை முறைப்படி முடித்து, முதலாளி கணக்கைத் தீர்த்து, பையன் ஊர் திரும்ப வேண்டும். திருமணத்தை அங்கே நடத்தி, ஆறு மாதத்துக்குள் இங்கே பதிவு செய்து, பிறகு உங்கள் மகள் உத்தரவாதம் தந்து துணைவர் பாஸுக்கு மனுச் செய்யலாம். வேலை அனுமதி அதற்கும் பிறகுதான். முதலாளியிடமிருந்து ஓடிப்போய்விட்டதாக அவர் மேல் புகார் எதுவும் இல்லாமல் வெளியேறுவது முக்கியம்.

இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் வரலாம் என்பதை நம்பித் திட்டம் போடாதீர்கள். அது சுற்றிப் பார்க்க வருவோருக்கு. திருமணப் பதிவு, உத்தரவாதப் பத்திரம், அதற்கு 10 ரிங்கிட் முத்திரை, மனு எல்லாம் 30 நாளில் அடங்காது.

கேள்வி: கணவர் சிங்கப்பூரில் எஸ் பாஸில் (நடுத்தரத் திறன் ஊழியருக்கான வேலைப் பாஸ்) இருக்கிறார், சம்பளம் 3,500 வெள்ளி. நானும் சுங்கை சிப்புட்டில் பிறந்தவள்தான். துணைவியர் பாஸ் எடுத்துப் போனால் அங்கே வேலை செய்யலாமா?

பதில்: அந்தப் பாஸே கிடைக்காது. துணைவியரை அழைக்க உங்கள் கணவரின் மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் வெள்ளியாவது இருக்க வேண்டும். கிடைத்தாலும் அதை வைத்து வேலை செய்யும் வழி 2021 மே 1 முதல் அடைபட்டுவிட்டது. துணைவியர் பாஸில் இருப்பவரும் வேலைக்குத் தனி வேலைப் பாஸ் எடுத்தாக வேண்டும்.

உங்களுக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. மலேசியர் என்பதால் சேவைத் துறை உட்பட எல்லாத் துறைகளிலும் வொர்க் பெர்மிட்டுக்கு நீங்கள் நேராகத் தகுதியுள்ளவர். கணவரை ஒட்டிப் போக வேண்டியதில்லை. வேலை தேடி, முதலாளியை மனுச் செய்யச் சொல்லுங்கள். தாமதம் அங்கே பெரும்பாலும் ஒதுக்கீட்டில்தான். உள்ளூர் ஊழியர் எண்ணிக்கைக்கு ஏற்பத்தான் வெளிநாட்டவரை எடுக்க முடியும். இடம் நிறைந்திருந்தால் உங்கள் தாள்கள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நகராது. "உங்கள் கோட்டாவில் இடம் இருக்கிறதா?" என்பதை நேர்முகத் தேர்விலேயே கேட்டுவிடுங்கள். லெவியை (வெளிநாட்டு ஊழியருக்காக அரசுக்குக் கட்டும் தீர்வையை) முதலாளி கட்ட வேண்டும், உங்கள் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. பாஸ் இல்லாமல் ஒரு நாள் "டிரையல்" என்றாலும் போகாதீர்கள். அங்கே அபராதம் 20,000 வெள்ளி வரை, சிறை இரண்டு ஆண்டு வரை.

கேள்வி: மனைவிக்கு ஒருவழியாக அனுமதி வந்து, அக்டோபரில் வேலைக்குச் சேர்ந்தார். முதல் மாதமே 30 விழுக்காடு வரி பிடித்துவிட்டார்கள். சரியா?

பதில்: ஓர் ஆண்டில் 182 நாளுக்குக் குறைவாக நாட்டில் இருப்பவருக்குத்தான் அந்த 30 விழுக்காடு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எண்ணக்கூடாது, நாட்டில் இருந்த நாள்களையெல்லாம் எண்ண வேண்டும். மார்ச்சில் வந்து இடையில் ஊர் போகாமல் இருந்திருந்தால் அவர் வரிக் கணக்கில் இங்கு வசிப்பவர்தான். நுழைவு முத்திரை உள்ள கடப்பிதழ்ப் பக்கங்களை நகலெடுத்து அலுவலகக் கிராணியிடம் கொடுங்கள். புதிய ஊழியரைப் பற்றி 30 நாளுக்குள் வருமான வரி வாரியத்துக்குத் தெரிவித்தார்களா, சொக்சோவில் (ஊழியர் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில்) சேர்த்தார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். வெளிநாட்டு ஊழியருக்கும் 2019 முதல் சொக்சோ உண்டு.