ஸ்பே ஆற்றங்கரையின் விஸ்கி வடிசாலைகள்: கேள்வி பதில்

கேள்வி: ஸ்காட்லாந்துப் பயணத்தில் ஸ்பேசைடு பகுதிக்கு ஒரே நாள்தான் ஒதுக்க முடிகிறது. எத்தனை வடிசாலைகளைப் பார்க்கலாம்?

பதில்: இரண்டு போதும். ஸ்காட்லாந்தின் வடிசாலைகளில் பெரும் பங்கு இப்பகுதியில்தான் உள்ளது என்பதால் எண்ணிக்கையைக் கூட்டும் ஆசை எழும். ஆனால் மூன்றாவது இடத்தில் எதுவும் மனத்தில் பதியாது. டஃப்டவுனில் ஒரு வடிசாலையைப் பார்த்துவிட்டு, அருகிலுள்ள கிரெய்கெல்லாக்கி ஊரின் பீப்பாய்ப் பட்டறைக்குச் செல்லுங்கள். ஓக் பலகைகளை நெருப்பிலும் சுத்தியலிலும் பழக்கி வளைக்கும் அந்தக் கைவேலையை நேரில் காணாமல் விஸ்கியின் சுவையைப் புரிந்துகொள்ள இயலாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: ஒரே பகுதியில் இத்தனை வடிசாலைகள் எப்படி வந்தன, ஐயா? தண்ணீரின் சிறப்பு என்கிறார்களே?

பதில்: நல்ல ஊற்றுநீரும், அருகிலுள்ள மோரே கடலோரச் சமவெளியில் விளையும் பார்லியும் காரணங்கள்தாம். ஆயினும் அவற்றைவிட வரலாறே பெரிய காரணம். வரி அதிகாரிகள் எளிதில் எட்ட முடியாத லிவெட் போன்ற மலைப் பள்ளத்தாக்குகளில் உழவர்கள் உரிமமின்றிக் காய்ச்சி வந்தனர். 1823ஆம் ஆண்டின் சட்டம் உரிமம் பெறுவதை எளிதாக்கியதும், அடுத்த ஆண்டே லிவெட் பள்ளத்தாக்கின் உழவரான ஜார்ஜ் ஸ்மித் உரிமம் பெற்றார். கள்ளத்தனமாகக் காய்ச்சிய அண்டை வீட்டாரின் பகைக்கு அஞ்சி அவர் இரண்டு கைத்துப்பாக்கிகளுடன் நடமாட வேண்டியிருந்தது. பின்னர் 1863இல் ஸ்பே ஆற்றோரம் ரயில் பாதை வந்தது. நிலக்கரி உள்ளே வரவும் பீப்பாய்கள் வெளியே செல்லவும் வழி பிறந்ததால், அந்நூற்றாண்டின் இறுதிக்குள் புதிய வடிசாலைகள் பெருகின. அந்தப் பாதையின் ஒரு பகுதி இன்று நடைபாதையாக உள்ளது. கிரெய்கெல்லாக்கியிலிருந்து அதில் சிறிது தொலைவு நடந்து பாருங்கள். இந்த வரலாறு கண்ணெதிரே தெரியும்.

கேள்வி: நாங்களே கார் ஓட்டிச் செல்கிறோம். சிறிதளவு சுவைக்கலாமா?

பதில்: ஓட்டுநர் சுவைக்கவே கூடாது. 2014 டிசம்பர் முதல் ஸ்காட்லாந்தில் 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால்தான் வரம்பு. இங்கிலாந்தில் அது 80. பல வடிசாலைகள் ஓட்டுநரின் பங்கைச் சிறு குப்பியில் கொடுத்தனுப்புகின்றன, கேட்டு வாங்குங்கள். ரயிலில் வந்து எல்ஜினில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் டஃப்டவுன் செல்வது இன்னும் நல்லது.

கேள்வி: என் மனைவி மது அருந்துவதில்லை. அவருக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

பதில்: நிறைய இருக்கிறது. டஃப்டவுனிலுள்ள பால்வெனி வடிசாலையில், ஊறிய பார்லியைத் தரையில் பரப்பி, முளைவிடும்போது ஆட்கள் மண்வாரியால் புரட்டிவிடும் பழைய முறை இன்றும் தொடர்கிறது. சட்டப்படி குறைந்தது மூன்று ஆண்டுகள் ஓக் பீப்பாயில் கிடக்கும் விஸ்கியில், ஆண்டுதோறும் சுமார் 2 சதவீதம் ஆவியாகிவிடுகிறது. இதைத் தேவதைகளின் பங்கு என்கிறார்கள். அந்த ஆவியை உண்டு வளரும் பூஞ்சையால் கிடங்குகளின் சுவர்களும் அருகிலுள்ள மரங்களும் கறுத்திருப்பதை அவருக்குக் காட்டுங்கள்.

கேள்வி: எந்த மாதம் ஏற்றது?

பதில்: மே அல்லது செப்டம்பர். கோடையின் நடுவில் சில வடிசாலைகள் பராமரிப்புக்காக வடிப்பதை நிறுத்திவிடும் என்பதால், கொப்பரைகள் இயங்குமா என்று முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மே மாதத் தொடக்கத்தில் விஸ்கித் திருவிழா நடைபெறுவதால் அப்போது தங்குமிடம் கிடைப்பது அரிது.