கீழாநெல்லி கேட்பதும் கொடுப்பதும்

கேள்வி: எங்கள் பக்கம் காமாலை என்றால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுக்கிறார்கள். குணமும் ஆகிறது. இதை ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்களா? (வாசகர், குடியாத்தம்)

பதில்: பார்த்திருக்கிறார்கள், அதுவும் சென்னையிலேயே. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமப்பவர்களில் ஒரு பிரிவுக்குக் கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், தினம் 3 வேளை, 30 நாள். மறு பிரிவுக்கு, ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே இல்லாத வெற்று மருந்து. பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸ் இருப்பதைக் காட்டும் அதன் மேலுறைப் புரதம் ரத்தத்திலிருந்து மறைந்தது. வெற்று மருந்தில் 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே. 1988-இல் லான்செட் என்ற மருத்துவ ஆய்விதழில் இது வெளியானதும் பெரும் பரபரப்பு. ஆனால் தாய்லாந்தில் செய்த சோதனையில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

செடி மாறிப்போவதும் உண்டு. கீழாநெல்லிக்கு இலைக்காம்பின் அடியில் காய்கள் சிறு காம்போடு தொங்கும். தண்டு சிவந்து, காய் காம்பின்றி ஒட்டியிருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி, வேறு இனம்.

'குணமாகிறது' என்கிறீர்களே, அங்கேதான் சிக்கல். குடிநீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். பெயர் மட்டும் மோருக்குப் போய்விடும். பித்தநாளத்தில் கல் அடைத்த காமாலைக்கு எந்தக் கீரையும் வழிவிடாது. மலம் வெளிறி, உடம்பு அரித்தால் ஸ்கேன் எடுக்க வேண்டும். கர்ப்பிணிக்குக் காமாலை என்றாலோ, நோயாளி பிதற்றினாலோ அன்றே வேலூருக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.