சத்தம் எப்போது வருகிறது? ஓட்டோ கியர் டீசல் வாகனங்கள் பற்றிய கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை டோர்க் கொன்வேட்டர் (எஞ்சினின் சுழற்சியை ஒயில் மூலம் ஓட்டோ கியர்பொக்ஸுக்குக் கடத்தும் பாகம்) சத்தம் பற்றியவை. காரணம் தெரிந்ததுதான். 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் மறுபடி திறக்கும்வரை இருந்த வாகனத்தையே எல்லோரும் ஓட்டினோம். வன்னியில் அந்த வாகனங்கள் ஏ9 நெடுஞ்சாலையில் மட்டும் ஓடவில்லை. வயல் வரம்பு, கிரவல் வீதி, குளக்கட்டு எல்லாவற்றிலும் பாரத்தோடு ஓடின. இப்போது அவை சத்தம் போடுகின்றன.

என்னுடையது ஹைலக்ஸ் 3.0 டீசல், ஓட்டோ. டி-யில் போட்டுப் பிரேக்கை மிதித்தபடி நிற்கும்போது அடியில் அரைக்கிற மாதிரிச் சத்தம் வருகிறது. நியூட்ரலுக்கு மாற்றினால் நின்றுவிடுகிறது. கொன்வேட்டர் போய்விட்டது என்கிறார்கள். நம்பலாமா? (புதுக்குடியிருப்பு)

நம்பலாம், ஆனால் கழற்றச் சொல்வதற்கு முன் ஒரு மணித்தியாலம் செலவழியுங்கள்.

கொன்வேட்டருக்குள்ளே எதிரெதிராக இரண்டு விசிறிகள் இருக்கின்றன. ஒன்று எஞ்சினோடு சேர்ந்து சுற்றும். மற்றது கியர்பொக்ஸ் பக்கம் இருக்கும் டர்பைன். நடுவில் ஒயிலின் போக்கைத் திருப்பிவிடும் ஸ்டேட்டர். இவற்றுக்கு இடையில் ஊசி பெயாரிங்குகள் உண்டு. நியூட்ரலில் டர்பைனைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாததால் அதுவும் ஏறக்குறைய எஞ்சின் வேகத்திலேயே சுற்றும். அப்போது பெயாரிங்குக்கு வேலை மிகக் குறைவு. டி-யில் போட்டு நிற்கும்போது டர்பைன் அசையாது, எஞ்சின் பக்கம் மட்டும் நிமிடத்துக்கு 700, 800 சுற்றுச் சுற்றும். அந்த வித்தியாசம் முழுவதும் பெயாரிங்கில்தான் விழுகிறது. தேய்ந்திருந்தால் அங்கே அரைக்கும். வாகனம் நகரத் தொடங்கியதும் வித்தியாசம் குறையும், சத்தமும் தணியும். ஓட்டத்தில் லொக்-அப் (இரண்டு பக்கத்தையும் நேராகப் பூட்டும், கொன்வேட்டருக்குள் இருக்கும் கிளச்) விழுந்தால் வித்தியாசமே இல்லை. ஆகவே உங்கள் வாகனத்தில் நிற்கும்போது மோசம், ஓடும்போது குறைவு, நியூட்ரலிலும் பார்க்கிங்கிலும் இல்லை என்றிருந்தால், ரிவர்ஸிலும் அதே சத்தம் கேட்டால், கொன்வேட்டரைச் சந்தேகிப்பது நியாயம்.

சரி, அந்த ஒரு மணித்தியாலம் எதற்கு? கியரில் விழும்போது எஞ்சின் சற்றுச் சாய்ந்து மவுண்டிங்கில் அழுத்தும். பழைய மவுண்டிங் ரப்பர் நசிந்திருந்தால், சைலன்ஸர் தகடு சட்டத்தில் முட்டினால், அதுவும் டி-யில் மட்டும்தான் கேட்கும். இதில் ஏமாந்தவர்கள் நிறையப் பேர். முன் பின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள், ஹாண்ட்பிரேக்கை இழுங்கள், ஒருவர் பிரேக்கை மிதித்தபடி உள்ளே இருக்கட்டும். எஞ்சின் சூடானதும் நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியைக் கியர்பொக்ஸின் முன்பகுதியில், எஞ்சினோடு சேரும் மணிபோன்ற பகுதியில் வைத்து, பிடியைக் காதோடு சேர்த்துக் கேளுங்கள். பிறகு நடுப்பகுதியிலும் மவுண்டிங்கிலும் வைத்துப் பாருங்கள். வாகனத்துக்கு நேர் முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கவே கூடாது.

சத்தம் மணிப்பகுதியில்தான் என்று உறுதியானால், கடைசியாகக் கியர்பொக்ஸின் அடியில் உள்ள ஒயில் பானைக் கழற்றுங்கள். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை போல மெல்லிய தூள் இருந்தால் அது வயதுக்குரியது. கண்ணுக்குத் தெரியும் உலோகச் சிராய்கள் இருந்தால் கொன்வேட்டர் மட்டும் மாற்றிப் போதாது. அந்தச் சிராய்கள் ஒயில் கூலருக்குள்ளும் போயிருக்கும். கூலரைக் கழுவாமல் புதிய கொன்வேட்டரைப் பூட்டினால் அதுவும் அதே வழியில் போகும். தயவுசெய்து இந்த ஒரு வேலையில் பணம் மிச்சம் பிடிக்காதீர்கள்.

எனக்கு எல்லாக் கியரிலும் விசில் போல ஒரு கீச்சு. நியூட்ரலிலும் உண்டு. அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்கக் கூடுகிறது. (நெடுங்கேணி)

இது பெரும்பாலும் கொன்வேட்டர் பெயாரிங் அல்ல. கியர்பொக்ஸின் ஒயில் பம்ப் எஞ்சின் வேகத்திலேயே சுற்றுகிறது, எந்தக் கியர் என்பது அதற்குப் பொருட்டே இல்லை. ஒயில் குறைந்தாலோ பில்டர் அடைத்தாலோ பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும். அந்தக் காற்றுத்தான் கீச்சிடுகிறது. முதலில் அளவைப் பாருங்கள். டிப்ஸ்டிக் உள்ள வாகனமென்றால் ஓடிச் சூடான பின், சமதரையில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கியர் லீவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை கொண்டுபோய் வந்து பார்க்க வேண்டும். எஞ்சின் ஒயிலைப் பார்ப்பதுபோல நிறுத்திவிட்டுப் பார்த்தால் அளவு பிழையாக வரும். கூடுதலாக ஊற்றுவதும் கெடுதிதான், ஒயில் நுரைத்துவிடும். அளவும் பில்டரும் சரியாக இருந்தும் கீச்சு நிற்காவிட்டால் பிறகு பம்பைப் பார்க்கலாம்.

ஐட்லிங்கில் 'டக் டக்' என்று தட்டுகிறது. எஞ்சினைக் கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். (மாங்குளம்)

அண்ணா, கழற்றவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். பல வருடங்களுக்கு முன் இதே தட்டலைக் கேட்டு, பிக் எண்ட் பெயாரிங் (எஞ்சினுக்குள் கனெக்டிங் ரொட் கிராங்கோடு சேரும் இடத்துப் பெயாரிங்) என்று முடிவுகட்டி, ஒருவரின் எஞ்சினை நான் கழற்றினேன். பெயாரிங்கில் ஒரு கீறல்கூட இல்லை. எஞ்சினையும் கொன்வேட்டரையும் இணைக்கும் பிளெக்ஸ்பிளேட் என்ற மெல்லிய தகட்டில், போல்ட் துளைகளைச் சுற்றி வெடிப்பு ஓடியிருந்தது. அந்த மனிதர் அறுவடைக் காலத்தில் மூன்று கிழமை வாகனம் இல்லாமல் இருந்தார். அது என் பிழை. இன்றும் மறக்கவில்லை.

டீசல் எஞ்சின் குறைந்த வேகத்தில் ஒவ்வொரு எரிப்பிலும் பலமாக உதைக்கும். அந்த உதையைத் தாங்குவது இந்தத் தகடும் கொன்வேட்டரைப் பிடிக்கும் போல்ட்டுகளும்தான். கீழே உள்ள சிறிய மூடியைக் கழற்றி, எஞ்சினைக் கையால் திருப்பி, ஒவ்வொரு போல்ட்டையும் சாவி போட்டுப் பாருங்கள். தகட்டில் டோர்ச் அடித்துப் பாருங்கள். துளையைச் சுற்றித் துருப்பிடித்த சிவப்புத் தூள் இருந்தால் அங்கே ஏதோ உரசுகிறது என்று பொருள். டி-யிலிருந்து நியூட்ரலுக்கு மாற்றும்போது தட்டலின் தன்மை மாறினால் சந்தேகம் இன்னும் வலுக்கும். இன்ஜெக்டரும் தட்டும். ஒவ்வொரு இன்ஜெக்டராக நிறுத்திப் பார்த்தால் தட்டல் எதனோடு போகிறது என்று தெரிந்துவிடும். இத்தனையும் பார்த்த பிறகு எஞ்சினைப் பற்றிப் பேசலாம்.

ஏ9இல் 70 கிமீ வேகத்தில் போகும்போது கிரவல் வீதியில் ஏறியது போல நடுக்கம். வேகம் கூடினால் போய்விடுகிறது. (கிளிநொச்சி)

லொக்-அப் கிளச் நடுங்குகிறது என்று நினைக்கிறேன். சோதிப்பது எளிது. முன்னும் பின்னும் வாகனமும் மாடும் இல்லாத நேரான இடத்தில், நடுக்கம் வரும்போது அக்சிலேற்றரை அப்படியே வைத்து, இடது காலால் பிரேக்கை விளக்கு எரியுமளவுக்கு மட்டும் தொடுங்கள். லொக்-அப் விடுபடும். அந்தக் கணத்தில் நடுக்கம் நின்றால் காரணம் அதுதான். நிற்காவிட்டால் ரயர், புரொப்பலர் சாவ்ட், இன்ஜெக்டர் பக்கம் தேடுங்கள்.

பல வேளைகளில் ஒயில் மாற்றினாலே குணமாகும். ஒயில் பானிலிருந்து வடித்தால் ஒரு பகுதி ஒயில்தான் வெளியே வரும், மிச்சம் கொன்வேட்டருக்குள்ளேயே நிற்கும். அதனால் வடித்து ஊற்றி, சில நாள் ஓட்டி, மறுபடி இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டும். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒரே ஒயில் அல்ல. டொயோட்டாவில் டைப் டி-4 கேட்கும் கியர்பொக்ஸுக்கு டபிள்யூஎஸ் ஊற்றக்கூடாது, மாறியும் கூடாது. கையேட்டில் உள்ள பெயரைக் கடையில் சொல்லி வாங்குங்கள்.

பிரேக்கை மிதித்து முழு அக்சிலேற்றர் கொடுத்துச் சோதிப்பது சரியா? (வவுனியா)

அது ஸ்டோல் டெஸ்ட். ஐந்து விநாடிக்கு மேல் கூடாது. கொன்வேட்டரில் உள்ள ஒயில் மிக வேகமாகச் சூடேறிவிடும். அரைக்கிற சத்தம் ஏற்கனவே இருந்தால் செய்யவே வேண்டாம்.

எங்கள் கன்டர் லொறி டியோனிக். கொன்வேட்டர் சத்தமா? (பரந்தன்)

டியோனிக்கில் கொன்வேட்டரே இல்லை, அது இரட்டைக் கிளச் கியர்பொக்ஸ். இசுசு எல்ஃப் ஸ்மூதரிலும் இருப்பது டோர்க் கொன்வேட்டர் அல்ல. மேலே சொன்ன எதையும் அவற்றில் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

மாரி மழையில் வட்டுவாகல் பாலத்தைத் தண்ணீரோடு கடந்தேன். மறுநாள் கியர் ஒயில் பால் கலந்த ரோஸ் நிறத்தில் இருக்கிறது. சத்தம் இன்னும் இல்லை. ஓட்டலாமா? (முல்லைத்தீவு)

ஓட்ட வேண்டாம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யவும் வேண்டாம். கியர்பொக்ஸின் காற்றுக்குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. கிளச் தட்டுகளில் உள்ள படலம் பசையால் ஒட்டப்பட்டது, தண்ணீர் அதை உரித்துவிடும். பெயாரிங்குகள் துருப்பிடிக்கும். இன்றைக்கே வடித்து, கொன்வேட்டரும் கூலரும் சுத்தமாகும்வரை புது ஒயில் மாற்றினால் தப்ப வாய்ப்பிருக்கிறது. கராஜுக்குக் கட்டி இழுப்பதானால் பின்சக்கரங்களைத் தூக்கி இழுங்கள், இல்லாவிட்டால் பின் புரொப்பலர் சாவ்ட்டைக் கழற்றிவிடுங்கள். எஞ்சின் ஓடாமல் ஒயில் பம்ப் சுற்றாது, சக்கரம் மட்டும் உருண்டால் கியர்பொக்ஸ் வறட்சியிலேயே தேயும். தள்ளி ஸ்டார்ட் எடுக்க முயல்பவர்களையும் தடுத்துவிடுங்கள், அதே பம்ப் சுற்றாததால் அதுவும் நடக்காது.