செர்னுக்கு விழாத லாட்டரி

கேள்வி: சீனாவில் பிறந்த வடிவியல் மேதை எஸ்.எஸ். செர்ன், யுத்த காலத்தில் அமெரிக்கா போகாமல் இருந்திருந்தால் இவ்வளவு பெரிய ஆளாகியிருப்பாரா? எல்லாம் அதிர்ஷ்டம்தானே?

பதில்: அதிர்ஷ்டமா? லாட்டரிக் கதைதான் வேண்டுமென்றால் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் செர்னிடம் படித்த ராபர்ட் உயோமினிக்கு 1995-இல் லாட்டரியில் 2.2 கோடி டாலர் விழுந்தது. அதிலிருந்து பணம் எடுத்து, வாத்தியார் பேரில் அதே பல்கலைக்கழகத்தில் ஒரு வருகைப் பேராசிரியர் பதவிக்கு நிதி வைத்தார். ஆக, சீட்டு விழுந்தது சிஷ்யருக்கு.

வாத்தியாருக்கு என்ன விழுந்தது? 1937-இல் பாரிஸிலிருந்து திரும்பினால் நாட்டில் ஜப்பான் படை. வேலை கொடுத்த சிங்ஹுவா பல்கலைக்கழகமே மூட்டை கட்டிக்கொண்டு தென்மேற்குச் சீனாவின் குன்மிங்குக்கு ஓடியது. அங்கே கல்யாணம். பிரசவத்துக்கு ஷாங்காய் போன மனைவியால் திரும்பி வர முடியவில்லை. 1940-இல் பிறந்த மகனை செர்ன் முதன்முதலாகப் பார்த்தது 1946-இல்! இதற்குப் பெயர் அதிர்ஷ்டம் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

1943-இல் இராணுவ விமானங்களில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் போய்ச் சேர்ந்தார். பந்தை எப்படி நசுக்கினாலும், கிழியாதவரை, அதன் மொத்த வளைவு மாறாது. இந்தப் பழைய காஸ்-பொன்னே தேற்றத்தை உயர் பரிமாணங்களுக்கு நிரூபித்தவர்கள், வடிவத்தை வெளியே ஒரு பெரிய வெளிக்குள் (space) பொருத்திப் பார்த்துத்தான் செய்தார்கள். செர்ன் வெளியே போகவே இல்லை. வடிவத்துக்குள்ளேயே நின்று ஆறே பக்கத்தில் முடித்தார். 1944-இல் அச்சானது. இயற்பியல்காரர்கள் வரை பயன்படுத்தும் ‘செர்ன் வகுப்புகள்’ என்ற கணிதக் கருவிகள் அதைத் தொடர்ந்து வந்தவை. அதற்கான தயாரிப்பெல்லாம் குன்மிங்கில், பாரிஸில் அவருக்கு வழிகாட்டிய கணித மேதை எலீ கார்த்தான் பிரான்சிலிருந்து அனுப்பிய கட்டுரைகளோடு தனியாக உட்கார்ந்து படித்தபோதே நடந்துவிட்டது.

சரி, கார்த்தானுக்கு வருகிறேன். பாரிஸில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செர்னை வீட்டுக்கே வரச் சொல்வார். ஒரு மணி நேரம் பேச்சு. அடுத்த நாள் கடிதம் வரும்: நீங்கள் போனபிறகு உங்கள் கேள்வியை மேலும் யோசித்தேன் என்று. அப்போது கார்த்தானுக்கு வயது 67.

ஆய்வு மாணவர்களை அறை வாசலில் மணிக்கணக்கில் நிற்கவைக்கும் கைடுகளைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதும்போதெல்லாம், ‘எங்கள் வேலைப்பளு உமக்கென்ன தெரியும்?’ என்று பேராசிரியர்கள் நாலு பக்கம் காய்ச்சி எடுக்கிறார்கள். ஐயா, அந்த நாலு பக்கத்தை உங்கள் மாணவருக்கு எழுதுங்கள்.