“குடும்பத்தோடு கெயார் விசா” என்று சொல்பவருக்காக வயலைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: நான் ஒட்டுசுட்டானைச் சேர்ந்தவள். முதியோர் பராமரிப்பில் என்.வி.கியூ. (தேசியத் தொழிற்தகைமை) 3ஆம் மட்டச் சான்றிதழ் பெற்று, ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். கணவர் லொறிச் சாரதி. பிள்ளைகள் இருவருக்கும் வயது 10, 6. “லண்டன் கெயார் விசாவில் நாலு பேரையும் ஒன்றாக அனுப்பிவிடுகிறேன்” என்று ஒரு முகவர் 60 இலட்சம் ரூபாய் கேட்கிறார். 5 இலட்சம் கொடுத்துவிட்டோம். கடவுச்சீட்டுகளும் அவரிடம்தான் இருக்கின்றன. மிகுதிக்கு முத்தையன்கட்டுக் குளத்தின் கீழுள்ள இரண்டு ஏக்கர் வயலைக் கொடுக்க நினைக்கிறோம். என் மச்சாளின் குடும்பம் 2023இல் இதே விசாவில்தான் போனது. நாங்களும் போகலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

வயலைக் கொடுக்க வேண்டாம். மிகுதிப் பணத்தில் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். அந்த முகவர் உங்களுக்குச் சொல்லும் வழி இப்போது இல்லை.

உங்கள் மச்சாளின் குடும்பம் போனதை நீங்கள் கண்ணால் கண்டிருக்கிறீர்கள். அதனால்தான் முகவரின் பேச்சு உங்களுக்கு நம்பும்படியாக இருக்கிறது. அவர்கள் போனபோது விதி அப்படித்தான் இருந்தது. 2022 பெப்ரவரியில் பிரித்தானியா பராமரிப்பாளர் வேலையை ஆட்பற்றாக்குறையுள்ள தொழில்களின் பட்டியலில் சேர்த்து, இந்தக் கெயார் விசாவை அவர்களுக்குத் திறந்தது. அந்த விசாவில் போனவர்கள் கணவன், மனைவி, 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையும் தங்களைச் சார்ந்தோராகக் கூட்டிச்செல்ல முடிந்தது. ஆனால் 2024 மார்ச் 11இலிருந்து புதிதாக விண்ணப்பிக்கும் பராமரிப்பாளர்கள் குடும்பத்தைச் சேர்க்க முடியாது என்று விதி மாறியது. அதன் பின் 2025 ஜூலை 22இலிருந்து, நாட்டுக்கு வெளியிலிருந்து பராமரிப்பாளர்களைப் புதிதாக எடுப்பதே நிறுத்தப்பட்டது. ஆகவே நாலு பேர் போவது இருக்கட்டும், நீங்கள் ஒருவர்கூட ஒட்டுசுட்டானிலிருந்து இந்த விசாவுக்கு விண்ணப்பிக்க இப்போது வழியில்லை.

இதைக் கேட்டால் முகவர் வேறு கதை சொல்லக்கூடும். “முதலில் மாணவர் விசாவில் போங்கள், அங்கே போய் கெயார் விசாவுக்கு மாறலாம்” என்பது அதில் முதலாவது. பிரித்தானியாவுக்குள் ஏற்கெனவே சட்டப்படி இருந்து, தன்னை எடுக்கும் நிறுவனத்தில் குறைந்தது மூன்று மாதம் சட்டப்படி வேலை செய்தவர் அவ்வாறு மாறுவதற்கு 2028 ஜூலை 22 வரை இடம் வைத்திருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் மாணவர்கள் படிப்பை முடிக்காமல் வேலை விசாவுக்கு மாற முடியாது என்பது 2023 ஜூலையிலிருந்தே விதி. 2024 ஜனவரிக்குப் பின் தொடங்கிய சாதாரண முதுகலைப் படிப்புகளுக்குக் குடும்பத்தைக் கூட்டிச்செல்லவும் முடியாது. இரண்டாவது கதை சுற்றுலா விசா. அதில் போனவர் எந்த வேலை விசாவுக்கும் உள்ளே இருந்து மாற முடியாது. இந்த இரண்டில் ஒன்றை அவர் சொன்னால், உங்களைப் பிள்ளைகளிடமிருந்து பிரித்துத் தனியே கடனோடு அனுப்பும் வழியையே சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

“சி.ஓ.எஸ். வந்துவிட்டது” என்று ஒரு தாளைக் காட்டினாலும் மயங்க வேண்டாம். சி.ஓ.எஸ். எனப்படுவது, விசாவுக்காக வேலை கொடுக்கும் நிறுவனம் தரும் அனுசரணைச் சான்றிதழ். பெயரில் சான்றிதழாக இருந்தாலும், உண்மையில் அது பிரித்தானிய உள்துறை அமைச்சின் கணினியில் உள்ள ஒரு பதிவு. உங்கள் கைக்கு வருவது எழுத்தும் இலக்கமும் கலந்த ஓர் எண் மட்டுமே. அது மூன்று மாதத்துக்குள் பயன்படுத்தப்பட வேண்டும். அந்தப் பதிவில் எந்த நிறுவனம், எந்த முகவரியில் வேலை, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், என்ன சம்பளம், எந்தத் தொழில் குறியீடு என்பதெல்லாம் இருக்கும். பராமரிப்பாளரின் குறியீடு 6135, மூத்த பராமரிப்பாளருடையது 6136. இவை இரண்டுமே இப்போது வெளிநாட்டிலிருந்து வருவோருக்கு மூடப்பட்டவை. வேறு குறியீட்டைப் போட்டிருந்தால், நீங்கள் செய்யாத வேலையை உங்கள் பெயரில் எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். அது கண்டுபிடிக்கப்பட்டால் தண்டனை முகவருக்கல்ல, உங்களுக்குத்தான்: ஏமாற்றினார் என்ற பெயரோடு விண்ணப்பம் மறுக்கப்பட்டால் பல ஆண்டுகளுக்கு அந்த நாட்டின் கதவு சாத்தப்படும்.

அந்தச் சான்றிதழ் விலைக்கு விற்கும் பொருளும் அல்ல. அதற்கான கட்டணத்தை வேலை கொடுப்பவரே செலுத்த வேண்டும்; 2024 டிசம்பர் 31இலிருந்து அதைத் தொழிலாளியிடம் திருப்பி வாங்குவதும் தடை. 60 இலட்சத்தில் எதற்கு எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். அவரால் எழுத முடியாது.

முறையாகப் போனவர்களின் நிலையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விசா, வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளிக்கு இருக்கும் உரிமத்தில் தொங்குவது. கிளிநொச்சிப் பக்கத்துத் தாய் ஒருவர், போன வருடம் மகனுக்கு வந்த கடிதத்தை அச்சிட்டு, மழையில் நனையாமல் பொலித்தீன் உறையில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார். அதில் “60 நாள்” என்று இருந்தது. விசாவை 60 நாள் நீடித்திருக்கிறார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். மகனை எடுத்த நிறுவனத்தின் உரிமம் பறிக்கப்பட்டதால், வேறு முதலாளியைத் தேடவோ நாடு திரும்பவோ கொடுத்த தவணை அது. அதை நான் அவருக்கு வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. வாங்கிய கடனில் பாதி அப்போது வட்டியிலேயே நின்றது.

உங்கள் கையிலுள்ள பராமரிப்புச் சான்றிதழுக்கு மதிப்பில்லை என்று நான் சொல்லவில்லை. அதைக் கொண்டு முயல வேண்டுமானால் ஜப்பானைப் பாருங்கள். அந்த நாட்டின் குறிப்பிட்ட திறன் தொழிலாளர் திட்டம் 2019இல் தொடங்கியது. இலங்கையும் அதே ஆண்டில் உடன்படிக்கை செய்துகொண்டது. முதியோர் பராமரிப்பு அதில் ஒரு துறை. அடிப்படை ஜப்பானிய மொழிப் பரீட்சை, பராமரிப்புக்கான மொழிப் பரீட்சை, திறன் பரீட்சை ஆகியவற்றில் சித்தியடைய வேண்டும். முதல் வகை அனுமதி மொத்தம் ஐந்து ஆண்டுகளுக்கு. குடும்பத்தைக் கூட்டிச்செல்ல முடியாது. ஆனால் அங்கே மூன்று ஆண்டு வேலை செய்து, உரிய பயிற்சியும் முடித்து, தேசியப் பராமரிப்பாளர் பரீட்சையில் சித்தியடைந்தவர் வேறு வதிவிட நிலைக்கு மாறலாம். அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கலாம், கணவரையும் பிள்ளைகளையும் அழைக்கலாம். நீண்ட வழிதான். 6 வயதுப் பிள்ளையை விட்டுப் போவது பற்றி நீங்களும் கணவரும் இருந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். அதை நான் சொல்ல முடியாது. ஆனால் அந்த வழியில் குடும்பம் சேரும் இடம் எங்கே இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரிகிறது.

கணவர் டுபாய்ப் பக்கம் சாரதியாகப் போவது பற்றியும் நீங்கள் யோசித்திருக்கக்கூடும். ஐக்கிய அரபு இராச்சியத்தில் குடும்பத்துக்கு வதிவிட அனுமதி எடுக்க 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் மாதச் சம்பளமாக வேண்டும். வேலை ஒப்பந்தத்தில் அந்தத் தொகை இல்லாவிட்டால், “போன பிறகு குடும்பத்தை எடுக்கலாம்” என்ற சொல்லை நம்பிப் புறப்பட வேண்டாம்.

இந்தக் கிழமையே செய்ய வேண்டியவை சில உள்ளன. முதலில் கடவுச்சீட்டுகளைத் திருப்பி வாங்குங்கள். பணத்தைப் பற்றிய வாக்குவாதத்தை அதற்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். 5 இலட்சம் கொடுத்ததற்கான வங்கிச் சிட்டை, வட்ஸ்அப் செய்திகள், குரல் பதிவுகள் எதையும் அழிக்காமல் வேறொருவரின் தொலைபேசியிலும் ஒரு பிரதி வையுங்கள். பின்னர் உங்கள் பிரதேச செயலகத்தில் இருக்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கான அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் போய், அந்த முகவருக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் உண்டா, இந்த வேலைக்குப் பணியகம் அனுமதி கொடுத்திருக்கிறதா என்று கேளுங்கள். பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். உரிமம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம். முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்து, அதன் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

வயல் பற்றி ஒன்று. முத்தையன்கட்டு போன்ற குடியேற்றத் திட்டங்களில் உள்ள காணிகள் பல, அரசு அனுமதிப்பத்திரத்தின் பேரில் கொடுத்த காணிகள். உங்களுடையதும் அப்படியானால், பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் அதை விற்கவோ ஈடுவைக்கவோ சட்டத்தில் இடமில்லை. வெற்றுத்தாளில் கையெழுத்து வைத்து, பத்திரத்தைக் கடன்காரரிடம் கொடுத்துவிட்டால் பின்னர் அதை மீட்பது பெரும்பாடு. பத்திரம் இப்போது யார் கையில் இருக்கிறது என்று கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. வீட்டில் இல்லையென்றால், கடவுச்சீட்டுகளோடு அதையும் வாங்கி வாருங்கள்.