கையெழுத்து உங்களுடையது என்றால் கேஸும் உங்களுடையதுதான்

கேள்வி: மகளிர் சுயஉதவிக் குழுவில் ஊக்குநராக இருக்கிறேன். எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. அடுத்த தேர்தலில் என்னை நிற்கச் சொல்கிறார்கள். "பேருக்கு நில்லுங்க அண்ணி, வேலையெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்கிறார் கொழுந்தனார். எனக்குக் கணக்கு வழக்கு அவ்வளவாகத் தெரியாது. நாளைக்குத் தப்பு நடந்தால் கேஸ் என் மேல் வருமா?

பதில்: வரும். கொழுந்தனார் மேல் அவ்வளவு எளிதில் வராது. அவர் பெயர்தான் எந்தக் காகிதத்திலும் இருக்காதே! கணக்குத் தணிக்கையில் எழுதும் ஆட்சேபணையானாலும் (தணிக்கைத் தடை) கலெக்டர் நோட்டீஸானாலும் உங்கள் பெயருக்கே வரும். "வீட்டில் சொன்னார்கள், போட்டேன்" என்ற விளக்கம் எங்கும் எடுபடாது.

அதற்காக ஒதுங்கிவிடாதீர்கள். குழுவில் தீர்மானம் எழுதி, பாஸ்புக்கோடு ஒப்பிட்டுக் கடன் கொடுக்கிறீர்கள் அல்லவா? ஊராட்சியிலும் கேட்க வேண்டியது ஏறக்குறைய அதுதான். இந்த வேலைக்குத் தீர்மானம் எங்கே, பொறியாளர் அளந்து எழுதிய எம்-புக் எங்கே, பில் எங்கே என்று கேளுங்கள். எல்லாம் மேஜைக்கு வந்த பிறகு பேனாவை எடுத்தால் போதும்.

ஊராட்சிப் பணத்துக்குத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். ஆன்லைனில் போகும் பணத்துக்கு டிஜிட்டல் கையெழுத்து டோங்கிள் (பென்டிரைவ் போன்ற சிறு கருவி) தருவார்கள். "அடிக்கடி உங்களை எதுக்கும்மா அலைய விடணும், எங்கிட்டயே இருக்கட்டும்" என்று யாராவது பணிவாகக் கேட்பார்கள். செயலரோ, வீட்டுக்காரரோ, யார் கேட்டாலும் டோங்கிளையும் கொடுக்காதீர்கள், அதன் ரகசிய எண்ணையும் சொல்லாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் வெற்றுப் பக்கத்தின் அடியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மேலே பிறகு எழுதும் வழக்கமும் பல ஊர்களில் உண்டு. அதற்கும் இடம் தராதீர்கள்.

இன்னொருவரை இப்போதே அடையாளம் கண்டுகொள்ளுங்கள்: உங்கள் தேர்தல் செலவை ஏற்க முன்வரும் கான்ட்ராக்டர். 2019-ல் தலைவர் பதவிக்கு டெபாசிட் 600 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 300. செலவு உச்சவரம்பு 34,000 ரூபாய். இதற்கு எதற்கு லட்சக்கணக்கில் ஒருவர் இறைக்க வேண்டும்? நாளைக்கு அவரே போடாத ரோட்டுக்கு பில்லை நீட்டும்போது உங்களால் மறுக்க முடியாது. யூனியன் ஆபீஸ் வாசலில் வேட்புமனு நிரப்பித் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்பவரும் இதே கூட்டம்தான். எழுதப் படிக்கத் தெரிந்த குழுப் பெண் ஒருத்தி போதும் அந்த வேலைக்கு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இதில்தான் நல்லவர்கள் மாட்டுகிறார்கள். கையெழுத்துப் போடாமலே இருந்துவிட்டால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். வேலை முடிந்து, அளந்து, தீர்மானமும் இருக்கும்போது காரணமில்லாமல் பில்லை நிறுத்துவதும் குற்றச்சாட்டாகும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-ன் 205-ஆம் பிரிவு தலைவரை நீக்கும் நடவடிக்கையைப் பற்றியது. அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவதோடு, வேண்டுமென்றே கடமையைச் செய்யாததும் அதில் வருகிறது. ஆகவே மறுப்பதானால் எழுத்தில் மறுங்கள்: "அளவில் சந்தேகம் உள்ளது, மறு அளவீடு கோருகிறேன்." தேதி போட்டு பி.டி.ஓ.வுக்கு (வட்டார வளர்ச்சி அலுவலர்) அனுப்பி, நகலை வீட்டில் வையுங்கள். வாயால் சொன்ன மறுப்பு மறுப்பே அல்ல. துணைத் தலைவர் கையெழுத்துப் போடாமல் முரண்டு பிடித்தாலும் இதே வழிதான், அதையும் எழுத்தில் புகார் செய்யுங்கள்.

அலுவலகங்களைப் பற்றி என்ன சொல்ல! பெண் தலைவர்களின் கணவர்கள் கூட்டத்தில் உட்காரக் கூடாது என்பார்கள். ஆனால் போன் மட்டும் கணவர் நம்பருக்கே போகும். எல்லாப் படிவத்திலும் உங்கள் சொந்த நம்பரைக் கொடுங்கள். பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். பிறகு 2019 டிசம்பர் வரை தேர்தலையே நடத்தவில்லை. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்ததும் மறுபடி அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்தார்கள்.

வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இந்த ஊராட்சியில் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். கல்யாணமாகிப் பல வருடமாகியும் பிறந்த ஊரிலேயே பெயர் கிடப்பது சாதாரணம். அப்படியானால் படிவம் 8 கொடுத்து மாற்றுங்கள். தேர்தல் முடிந்ததும், ஜெயித்தாலும் தோற்றாலும், 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டு போட்டியிட முடியாமல் செய்துவிடுவார்கள்.